ஒரு கிளட்ச் கேபிளும் நாலு தவணையும்

இலங்கையில் வாகனத் தண்டப்பணம் கட்டுவது வரவரச் சுலபமாகிக்கொண்டு போகிறது. முன்பெல்லாம் தபாலகத்தைத் தேடிப் போய், வரிசையில் நின்று, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய் பொலிஸில் காட்டி லைசென்ஸை வாங்க வேண்டும். 2025 இல் கவ்பே வந்த பிறகு, வீதியோரத்தில் நின்றபடியே ஃபோனில் கட்டிவிட்டு லைசென்ஸைக் கையோடு வாங்கிப் போகலாம் என்ற முறை வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். அரை நாள் லீவு போட்டு ஆயிரம் ரூபா கட்டப்போன கதை எல்லார் வீட்டிலும் ஒன்றாவது இருக்கும்.

ஆனால் "நான் இதைச் செய்யவில்லை" என்று சொல்ல விரும்பும் ஒருவருக்கு என்ன வழி இருக்கிறது? அந்தப் பக்கம் எதுவும் மாறவில்லை. அங்கே ஆப் இல்லை, ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலையும் இல்லை. அங்கே இருப்பது தவணை. அதற்குப் பிறகு இன்னொரு தவணை.

போன வருஷம் எங்கள் வீட்டில் ஒருவர் அந்தப் பக்கம் போனார். என் அப்பா. இன்னும் போய்க்கொண்டிருக்கிறார். அவருடைய வழக்கில் சரி பிழை சொல்ல நான் இதை எழுதவில்லை, அதை நீதவான் சொல்லட்டும். நான் எழுத நினைப்பது அந்த வழக்கு நடக்காத நாட்களைப் பற்றி. பொலிஸ் நிலையத்தின் பெயரையும் நீதிமன்றத்தின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இது ஒரு இடத்தின் கதை இல்லை என்று நினைக்கிறேன்.

நடந்தது

அப்பா கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஓட்டுகிறார். பதினேழு வயதில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்தவர். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் எடுபிடி வேலை, பிறகு புறக்கோட்டையில் மூட்டை இறக்கும் வேலை, கடைசியில் லீசிங் போட்டு ஒரு த்ரீவீல். அந்த த்ரீவீலில்தான் நானும் தம்பியும் படித்தோம்.

மே மாதத்தில் ஒரு பின்னேரம். ஜம்பட்டா வீதியிலிருந்து வெள்ளவத்தைக்கு ஒரு ஹயர். யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர், கையில் இரண்டு பெரிய பை. காலி வீதியில் போய்க்கொண்டிருக்கும்போது கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. கேபிள் அறுந்தால் கியர் மாற்ற முடியாது, இறங்கித் தள்ளத்தான் வேண்டும். நடு வீதியில் விடமுடியாது என்பதால் அப்பா இடதுபக்கம் ஒதுக்கித் தள்ளினார். தள்ளி நிறுத்திய இடத்தில் பஸ் தரிப்பிடம்.

அறுந்த கேபிளின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே போக்குவரத்துப் பொலிஸ் அதிகாரி ஒருவர் வந்தார். அப்பா கேபிளைக் காட்டினார். அன்ரியும் இறங்கி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினார். அதிகாரி கேட்டுக்கொண்டே எழுதினார். பஸ் தரிப்பிடத்தில் வாகனத்தை நிறுத்தியது குற்றம். லைசென்ஸ் அவர் கைக்குப் போனது, தற்காலிக அனுமதித் தாள் அப்பா கைக்கு வந்தது. "அநியாயம் தம்பி. தேவையெண்டா என்னைக் கூப்பிடுங்கோ, நான் வந்து சொல்லுறன்" என்று அன்ரி தன் நம்பரைக் கொடுத்துவிட்டு, 100 பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அப்பா கிட்டடியில் ஒரு பார்ட்ஸ் கடையில் புதுக் கேபிள் வாங்கினார். அந்தக் கடை பில்லில் திகதியும் நேரமும் அச்சாகியிருந்தது. தண்டச் சீட்டு எழுதிய நேரத்துக்கு இருபது நிமிடம் பிந்தி. இரண்டு தாளையும் ஒன்றாக மடித்துப் பேர்ஸில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஆயிரம் ரூபா. ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "அண்ணே, ஆயிரம் ரூபாக்கு யாரும் கோட்டுக்குப் போவானா? ரெண்டு ஹயர் ஓடினா முடிஞ்சிச்சு." அம்மாவும் அதையே சொன்னார். அப்பா ஒரு வசனம்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். "நா நிப்பாட்டல. அது நின்னுச்சு."

மறுப்பது எப்படி?

நான் கலைப்பீட மாணவி, சட்டம் படிக்கவில்லை. ஆனாலும் தேடினேன். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம்தான் இதற்கெல்லாம் தாய்ச் சட்டம். தண்டச் சீட்டு கிடைத்தால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் 28 நாள்வரை இரட்டிப்பாகக் கட்டலாம். அதற்கும் பிறகு நீதிமன்றம்.

ஆக, மறுப்பதற்கென்று தனியாக ஒரு கவுண்டர் கிடையாது. கட்டாமல் காத்திருப்பதுதான் மறுக்கும் வழி. கட்ட மறந்தவரும், கட்டக் காசில்லாதவரும், "நான் செய்யவில்லை" என்பவரும் ஒரே வரிசையில்தான் போய் நிற்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு மூன்று பேரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

முதல் தவணை ஜூலையில். அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும், ஆனால் வாசிப்பது கஷ்டம். கொழும்பில் வேலை செய்து சிங்களம் பழகிய எத்தனையோ தமிழருக்கு இதே நிலைதான், காது பழகியிருக்கும், கண் பழகியிருக்காது. அதனால் நானும் போனேன். காலை எட்டரைக்கு வரச் சொன்னார்கள். எட்டரைக்கு வரச் சொல்லப்பட்ட எல்லாரும் அங்கே இருந்தார்கள். பஸ் சாரதிகள், டெலிவரி பொடியன்கள், ஒரு டாக்டர், யூனிபோமோடு ஒரு செக்யூரிட்டி அண்ணா.

பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொருவராக எழும்பினார்கள். குற்றப்பத்திரம் வாசிக்கப்படும். பிறகு ஒரு கேள்வி. "வெரதிகருத, நிவெரதிகருத?" குற்றவாளியா, சுற்றவாளியா? நம் நீதிமன்றத் தமிழில் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். "வெரதிகரு" என்றால் தண்டம் சொல்வார்கள், அடுத்த பெயர் வரும். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. கிட்டத்தட்ட நாற்பது பேர் இருந்தோம். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பாவைத் தவிர எல்லாரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

அப்பா "நிவெரதிகரு" என்றார். ஒரு கணம் மண்டபம் அமைதியானது போல எனக்குத் தோன்றியது, உண்மையில் அப்படி இருந்திருக்காது. விசாரணைக்கு செப்டெம்பரில் ஒரு திகதி போட்டார்கள். லைசென்ஸ் வழக்கோடு இருக்கும், தற்காலிகத் தாளை அதுவரை நீட்டித் தந்தார்கள். குற்றத்தை ஏற்றுக்கொண்ட முப்பத்துச் சொச்சம் பேரும் பகல் சாப்பாட்டுக்கு முன்பே காசைக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

நடக்காத நாட்கள்

செப்டெம்பர் தவணைக்குப் போனோம். சீட்டு எழுதிய அதிகாரி வரவில்லை. அவருக்குப் பயிற்சியாம். சாட்சி இல்லாமல் விசாரணை இல்லை. நவம்பருக்குத் தள்ளினார்கள்.

நவம்பரில் அதிகாரி வந்தார். அதற்குள் அவருக்கு இடமாற்றமும் கிடைத்திருந்தது. காலையிலேயே வெளிக்கிட்டு, பஸ் ஏறி, தூரத்திலிருந்து வந்திருந்தார். ஆனால் அன்று மன்று கூடவில்லை. கதவுக்கு வெளியே ஒட்டியிருந்த தாளைப் பார்க்க நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக நின்றோம். அவர்தான் முதலில் பேசினார். "அய்யே, ஏன் அந்த ஆயிரத்தைக் கட்டியிருக்கலாமே?" என்று சிங்களத்தில் கேட்டார். கோபமாக இல்லை, களைப்பாகத்தான் கேட்டார். அப்பா கேபிள் கதையைச் சொன்னார். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு சொன்னார், "ஒரு நாளைக்கு எத்தனையோ சீட்டு எழுதுறோம். சத்தியமா எனக்கு உங்கள ஞாபகமில்ல."

இந்த வழக்கில் நான் கேட்ட வார்த்தைகளிலேயே முக்கியமானது அதுதான். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பின்னேரம் ஐந்தரைக்குப் பார்த்த ஒரு ஓட்டோவை யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஜனவரியில் மன்று கூடியது, அதிகாரியும் வந்தார், அப்பாவும் நானும் வந்தோம். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு விபத்து வழக்கு நீண்டுகொண்டே போனது. ஆள் காயப்பட்ட வழக்கு, அதை அவசரப்படுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. நேரம் முடிந்தது. மறுபடியும் திகதி.

இந்த மூன்று ஒத்திவைப்பிலும் கெட்டவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. பயிற்சி அவசியம். மன்று கூடாததற்குக் காரணம் இருந்திருக்கும். விபத்து வழக்குக்கு முன்னுரிமை சரி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம்தான். மூன்றையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு வேறு.

அந்தக் கணக்கு இது. பெற்றோல் செலவு போக அப்பாவுக்கு ஒரு நாளைக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபா மட்டில் மிஞ்சும். நாலு தவணை, நாலு நாள். பதினாலாயிரம். மறுப்பதற்கு அவர் இதுவரை கொடுத்த விலை, தண்டத்தைப்போல பதினாலு மடங்கு. சட்டத்தரணி இல்லாமல்தான் இந்தக் கணக்கு. சுற்றவாளி என்று தீர்ப்பு வந்தாலும் இந்தப் பதினாலாயிரத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

மல்கம் ஃபீலி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979 இல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'நடைமுறையே தண்டனை'. நியூ ஹேவன் நகரத்தின் கீழ்நிலைக் குற்றவியல் நீதிமன்றத்தைப் பார்த்து எழுதியது. சின்ன வழக்குகளில் மனிதர்களை உண்மையில் வதைப்பது தீர்ப்பு இல்லை, தீர்ப்புக்கு முந்திய அலைச்சல்தான் என்பது அவருடைய வாதம். போய்வரும் நாள், இழக்கும் சம்பளம், காத்திருப்பு. அதனால்தான் ஆட்கள் வழக்காடாமல் குற்றத்தை ஏற்றுக்கொண்டு போய்விடுகிறார்கள். லைப்ரரியில் அதைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்த ஜூலை காலைதான் ஞாபகம் வந்தது. அன்று "வெரதிகரு" சொன்ன எல்லாரும் குற்றம் செய்தவர்களாக இருக்கலாம். ஆனால் செய்யாத ஒருவர் அவர்களுக்குள் இருந்திருந்தாலும், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் என்றால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.

நம் அரசியலமைப்பின் 13(5) ஆவது உறுப்புரை, குற்றவாளி என்று நிரூபிக்கப்படும்வரை ஒருவர் சுற்றவாளியாகவே கருதப்பட வேண்டும் என்கிறது. ஆயிரம் ரூபா வழக்கிலும் அது பொருந்தும். ஆனால் சுற்றவாளியாக இருப்பதற்கு ஒரு நாளைக்கு மூவாயிரத்து ஐந்நூறு செலவாகும் என்றால், அந்த உரிமை யாரிடம் இருக்கிறது?

தள்ளிப்போடும்போது தேய்வது

ஒத்திவைப்பு என்றால் வழக்கு அப்படியே ஃப்ரிட்ஜில் இருக்கிறது, பிறகு எடுத்துச் சூடாக்கலாம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. வெளியே வைத்த பால் மாதிரி அது கெட்டுப்போய்க்கொண்டே இருக்கிறது.

அந்த அன்ரி செப்டெம்பர் தவணைக்கு வரத் தயாராகத்தான் இருந்தார். நவம்பரில் ஃபோன் எடுத்தபோது மகளோடு இருக்கக் கனடாவுக்குப் போய்விட்டார். வட்ஸ்அப்பில் "வழக்கு முடிஞ்சுதோ பிள்ளை?" என்று இன்னமும் கேட்கிறார். பார்ட்ஸ் கடை பில் அந்த வழுவழுத் தாளில், சூட்டில் அச்சாகிற வகை. ஓட்டோ வெயிலில் கிடந்து, பேர்ஸில் உரசி, ஜனவரி வரும்போது அதில் எழுத்து அரைவாசி போய்விட்டது. முதல் வாரமே நான் அதைப் படம் எடுத்து, போட்டோகொப்பியும் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் மூலத் தாள் இன்னும் கொஞ்ச நாளில் வெறும் வெள்ளைத் தாள்தான். அதிகாரியின் ஞாபகத்தைப் பற்றி அவரே சொல்லிவிட்டார்.

சாட்சி, பில், ஞாபகம். மே மாதத்தில் மூன்றும் இருந்தன. ஜனவரியில் மிச்சம் இருந்தது அதிகாரி எழுதிய சீட்டு மட்டும்தான். தாமதம் இரண்டு பக்கத்தையும் சமமாகத் தாக்கும் என்று நினைப்போம். ஆனால் எழுத்தில் இருக்கும் குற்றச்சாட்டு மங்குவதில்லை. அதை மறுக்கத் தேவையான சில்லறைச் சாமான்கள்தான் மங்குகின்றன.

பெரிய வழக்கும் சின்ன வழக்கும்

ஒரு வழக்கு எவ்வளவு தூரம் தள்ளிப்போகலாம் என்பதற்கு அரசறிவியல் வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு கதை உண்டு. கோடீஸ்வரன் வழக்கு. அரசாங்க எழுதுவினைஞராக இருந்த தமிழர். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்களப் பரீட்சை சித்தியடையவில்லை என்று 1962 இல் அவருடைய சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார். பணமாகப் பார்த்தால் சின்னத் தொகை. கேள்வியாகப் பார்த்தால் நாட்டிலேயே பெரியது: அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு ஏற்றதா?

1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967 இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசுக்கு எதிராக வழக்குப் போட முடியாது என்றது, மொழிக் கேள்விக்குள் போகவேயில்லை. 1969 இல் லண்டனில் பிரிவுக் கவுன்சில், வழக்குப் போடலாம் என்று சொல்லி, மொழிக் கேள்வியைத் தீர்மானிக்கும்படி உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. 1971 இல் பிரிவுக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் முறை ஒழிந்தது, 1972 இல் புது அரசியலமைப்பு வந்தது. அந்தக் கேள்விக்கு எந்த நீதிமன்றமும் பதில் சொல்லாமலே முடிந்தது. கோடீஸ்வரன் தோற்கவில்லை. பதில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிரான ஒரு நாளும் நம் ஊர்களுக்குத் தெரியும். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை இரவோடிரவாக எழுப்பி பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். 376 பேர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த நாளே, ஜூன் 8 இல், நீதிமன்றம் அதை நிறுத்தி இடைக்கால உத்தரவு போட்டது. ஒரே நாளில்.

அவசரத்தில் நீதிமன்றத்தால் ஓட முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆயிரம் ரூபா வழக்குக்கு அப்படி ஓடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் எது அவசரம் என்று தீர்மானிப்பது வழக்கின் அளவு மட்டும்தானா என்று யோசிக்கிறேன். உயர் நீதிமன்றத்துக்குப் போகிற வழக்கு நம்மில் ஒரு சிலருக்குத்தான் வரும். நம்மில் பெரும்பாலானோர் சட்டத்தை நேருக்கு நேர் சந்திப்பது இப்படியொரு தண்டச் சீட்டில்தான். அங்கே கிடைக்கும் அனுபவத்தை வைத்துத்தான் "கோட்டுக்குப் போய்ப் பிரயோசனமில்லை" என்று ஒரு முழுச் சமூகமும் முடிவெடுக்கிறது.

ஜனவரித் தவணை முடிந்து திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன். இன்னும் ஏன் விடமாட்டேன் என்கிறீங்க? ஓட்டோவை ஓரமாக நிறுத்தினார். அவருக்கு ஓட்டிக்கொண்டே கதைக்க வராது.

"மகள், நாங்க கொழும்புக்கு வந்த காலத்துல யூனிபோம பார்த்தா ஐசிய நீட்டுவோம். கேக்க முதலே நீட்டுவோம். பையத் திறன்னா திறப்போம். ஏறுன்னா ஏறுவோம். எதுக்குன்னு கேட்டதில்ல. இப்ப யாரும் அப்பிடி மெரட்டல. அந்தாளு நல்லாத்தான் பேசுனாரு. இப்பவும் 'நா செய்யல'ன்னு சொல்லாட்டி, பொறகு எப்ப சொல்றது?"

அதற்குப் பிறகு நான் ஆயிரம் ரூபாவைப் பற்றிக் கதைக்கவில்லை.

தவணை தள்ளிப்போனால்

இந்த ஒன்பது மாதத்தில் நாங்கள் கற்றுக்கொண்டது சில விஷயம். உங்கள் வீட்டில் ஒருவருக்கு உதவலாம்.

வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் புதுத் திகதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சத்தத்தில் 'பதினேழு' என்பது 'இருபத்தேழு' என்று கேட்கும். சந்தேகம் இருந்தால் அலுவலகத்தில் வழக்கு இலக்கத்தைச் சொல்லி உறுதிப்படுத்திவிட்டு வெளிக்கிடுங்கள். வராமல் விட்டால் பிடியாணை பிறப்பிக்கலாம், அது ஆயிரம் ரூபா வழக்கை வேறு எங்கோ கொண்டுபோய்விடும்.

தற்காலிக அனுமதித் தாளில் புதுத் திகதிவரை நீட்டிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த சந்தியில் இன்னொரு சீட்டு வரும்.

சீட்டு, பில், வண்டி நின்ற இடம் எல்லாவற்றையும் முதல் நாளே படம் எடுங்கள். சாட்சி இருந்தால் நம்பர் மட்டும் போதாது. என்ன பார்த்தார் என்று அன்றைக்கே எழுதி, கையெழுத்தும் வாங்கி வையுங்கள். நீதிமன்றம் அதை எவ்வளவு தூரம் ஏற்கும் என்பது வேறு கதை, ஆனால் உங்கள் ஞாபகத்துக்காவது அது துணை.

மொழி விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள். கொழும்பு நீதிமன்றங்களின் மொழி சிங்களம்தான். ஆனால் அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரையின்படி, அந்த மொழி தெரியாத தரப்பினர் தமிழில் மொழிபெயர்ப்புக் கேட்கலாம், அதை அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். இது சலுகை இல்லை. குற்றப்பத்திரம் வாசிக்கும்போதே கேளுங்கள்.

நீதவான் நீதிமன்றத்தில் உங்களுக்காக நீங்களே பேசலாம். சட்டத்தரணி வேண்டும், வசதியில்லை என்றால், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுவதுதான் அதன் வேலை.

கேட்கக்கூடியவை

நடக்க முடியாத எதையும் நான் கேட்கவில்லை. கலிஃபோர்னியாவில் தண்டச் சீட்டை மறுக்கிற ஒருவர் நீதிமன்றத்துக்குப் போகாமலே எழுத்தில் வழக்காடலாம். தண்டத் தொகையைக் கட்டிவைத்துவிட்டு, தன் பக்கத்தை எழுதி, படம் பில் எல்லாம் இணைத்து அனுப்புவார். பொலிஸ் அதிகாரியும் எழுதி அனுப்புவார். நீதிபதி இரண்டையும் வாசித்துத் தீர்ப்புச் சொல்வார். வென்றால் காசு திரும்ப வரும். தோற்றால் நேரில் புது விசாரணை கேட்கலாம். டெல்லியில் 2019 இல் தொடங்கிய மெய்நிகர் நீதிமன்றத்தில், கட்டுவதா வழக்காடுவதா என்ற கேள்வியாவது திரையிலேயே வருகிறது. வழக்காடத் தெரிவுசெய்தால் அதுவும் வழமையான நீதிமன்றத்துக்குத்தான் போகும் என்பது அதன் குறை.

எங்களுக்கு எழுத்துமூல வழி ஒன்று இருந்திருந்தால், மே மாதத்திலேயே அப்பா அந்த பில்லையும் அன்ரியின் நாலு வரியையும் அனுப்பியிருப்பார். அதிகாரிக்கும் ஞாபகம் இருந்திருக்கும். அவரும் தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்து பூட்டின கதவைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. எழுத்துமூல விசாரணைக்குச் சட்டத்திருத்தம் வேண்டும், காலம் எடுக்கும் என்றால், அதுவரைக்கும் ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பலாம். காசு கட்ட ஃபோன் போதும் என்றால், 'நாளைக்கு மன்று கூடாது, வரவேண்டாம்' என்று சொல்லவும் அதே ஃபோன் போதும். எங்கள் மூன்று வீணான நாட்களில் இரண்டையாவது அது மிச்சப்படுத்தியிருக்கும்.

அடுத்த தவணை வருகிற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் எனக்கு டியூட்டோரியல். வரமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டேன். அப்பா அன்றைக்கு பள்ளிக்கூட ஹயர் பிள்ளைகளை வேறொரு அண்ணாவிடம் ஒப்படைத்திருக்கிறார். அறுந்த பழைய கேபிளை அவர் எறியவில்லை என்று போன கிழமைதான் தெரிந்தது. சீற்றுக்குக் கீழே சுருட்டி வைத்திருக்கிறார். அதையும் கொண்டுபோகிறோம்.